தனுஷ்கோடி பழைய ரயில் தடத்தில் சைக்கிள் ஓட்ட முடியுமா?

மண்டபம்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மண்டபம். ஒரு வருடமாக ஒழுங்காக சைக்கிள் ஓட்டுகிறேன். விடியற்காலையில் ரோட்டுப் பாலம் ஏறிப் பாம்பன் வரை போய்த் திரும்புவேன், ஞாயிறு என்றால் ராமேஸ்வரம், மாதத்தில் ஒரு தடவை தனுஷ்கோடி தாண்டி ரோடு முடிகிற அரிச்சல்முனை. எல்லாம் தார் ரோடு, எல்லா இடத்திலும் வண்டி. டூரிஸ்ட் வேன் ஒன்று முழங்கையை உரசுகிற மாதிரி கடந்து போனால் நெஞ்சு படபடப்பு அடங்க அரை கிலோமீட்டர் ஆகிறது.

போன மாதம் ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டில் ரயில் நின்றுபோன தடங்களில் தண்டவாளத்தையும் கட்டைகளையும் பெயர்த்து எடுத்துவிட்டு, மேலே பொடிச்சரளை போட்டு ரோலர் விட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். ரயில் டிரெயில் என்கிறார்கள். வயலுக்கும் மேய்ச்சல் காட்டுக்கும் நடுவே நாள்கணக்கில் ஓட்டுகிறார்கள், ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது நம்ம பாம்பன் - தனுஷ்கோடி லைன்தான். 1964 டிசம்பர் புயலோடு அதில் ரயில் நின்றது. ஸ்டேஷன் சுவர் இன்னும் நிற்கிறது. அப்படியென்றால் தடமும் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்?

பாம்பனில் ஆரம்பித்து அந்தத் தடத்தைப் பிடித்தே தனுஷ்கோடி வரை போக முடியுமா, யாராவது போயிருக்கிறீர்களா? என்னிடம் இருப்பது ஹைப்ரிட், டயர் 35 மில்லிமீட்டர், மணலில் அது தாங்குமா? எந்த மாதத்தில் போனால் காற்று அடிக்காமல் இருக்கும்? தனியாகப் போக வீட்டில் சம்மதிக்கவில்லை, மச்சான் ஒருவர் கூட வருவார், அவருக்கு நீண்ட தூரம் பழக்கமில்லை. இங்கே ரயில் தடம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, வண்டி தொந்தரவு இல்லாத மண் தடம் ஏதாவது ராமநாதபுரம் கடலோரத்தில் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்துக்காரன்:

தம்பி, நேராகச் சொல்லிவிடுகிறேன், முழுத் தடமாக அது இப்போது கிடையாது. நான் இரண்டு தடவை தேடிப் போயிருக்கிறேன். முதல் தடவை ராமேஸ்வரம் ஸ்டேஷனிலிருந்து ஆரம்பித்தேன், அங்கேயே தப்பு. இலங்கைக் கப்பலுக்குப் போகிறவர்களை ஏற்றிவந்த போட் மெயில் ரயில் அந்தக் காலத்தில் ராமேஸ்வரம் ஊருக்குள் போகவில்லை. பாம்பன்தான் ஜங்ஷன், அங்கே ஒரு கிளை ராமேஸ்வரத்துக்குப் பிரிந்தது, மெயின் லைன் ஊரை ஒதுக்கிவிட்டு நேரே தனுஷ்கோடிக்குப் போனது, அங்கே இறங்கியவர்கள் கப்பல் ஏறித் தலைமன்னார் போனார்கள். ஆகவே தேடுவதாக இருந்தால் பாம்பனிலிருந்துதான் தேட வேண்டும். இரண்டாவது தடவை அப்படித்தான் போனேன். வீடுகள், தென்னந்தோப்பு, சவுக்கு, உடைமரம். மேடு மாதிரி தெரிகிற இடத்தில் ஏறினால் அம்பது அடியில் வேலி வருகிறது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்ததுதான் அதிகம், ஒரு மணி நேரத்தில் விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்தேன்.

முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் கதை வேறு. அங்கே வேலி போட யாரும் இல்லை, ஆனால் தடத்தை மணலும் கடலும் பங்கு போட்டுக்கொண்டன. பழைய ஸ்டேஷன் பக்கம் போய் நின்றால் சுவர் பவளப்பாறைக் கல்லால் கட்டியது தெரியும். ஒவ்வொரு கல்லிலும் மூளை மடிப்பு மாதிரி, தேன்கூடு மாதிரி ரேகை. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்துபோய் அந்த ரேகை வெளியே வந்திருக்கிறது, விரலை வைத்தால் நுழைகிறது. நான் அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்டவாளம் எந்தப் பக்கம் போனது என்று அங்கிருந்து கண்ணால் கோடு இழுக்கலாம், சக்கரம் உருட்ட முடியாது.

அதனால் அந்தப் பகுதிக்கு ரோடுதான் வழி. சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டர் ரோடு 2017இல்தான் திறந்தார்கள், அதற்கு முன்னால் ஜீப்பும் வேனும் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு போன பாதை அது. காலை ஆறு மணிக்கு உள்ளே நுழைந்துவிட்டால் எட்டு மணி வரைக்கும் வண்டி குறைவு. சாயங்காலத்துக்கு மேல் போலீஸ் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதை மனதில் வையுங்கள்.

காற்றைப் பற்றிக் கேட்டீர்கள். காற்று இல்லாத மாதம் என்று அந்த மணல் திட்டில் ஒன்று கிடையாது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் பக்கமிருந்து அடிக்கும், வாடைக் காலத்தில் வடகடல் பக்கமிருந்து அடிக்கும். ரோடு தென்கிழக்காக ஓடுவதால் இரண்டுமே குறுக்குக் காற்றுதான், போகும்போது ஒரு தோளில் வாங்கினால் திரும்பும்போது மறு தோளில். கச்சானில் ரோட்டின் மேல் மணல் கணுக்கால் உயரத்துக்குப் பாம்பு பாம்பாக நெளிந்து ஓடும். பார்க்க அழகாக இருக்கும், செயினுக்கும் கண்ணுக்கும் விஷம். அந்த மணல் ரோட்டு ஓரத்தில் குவிந்து மெத்தை மாதிரி கிடக்கும், போன வருடம் ஆனியில் ஒரு வேனுக்கு வழிவிட ஓரம் ஒதுங்கினேன், முன் சக்கரம் அதில் புதைந்து அப்படியே நின்றது, நான் ஹேண்டிலுக்கு மேலாகப் போய் விழுந்தேன். மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டு. மணலைப் பார்த்தால் முன் பிரேக் பிடிக்காதீர்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள், வேகத்தைக் குறைத்து இறங்கிவிடுங்கள். மாசி, பங்குனியில் போங்கள், இருப்பதில் அதுதான் நிதானமான காலம். வெயில் மட்டும் ஒன்பது மணிக்கே சுடும்.

இன்னொன்று. வடகடல் பக்கம் தண்ணீர் வற்றிய சேற்றுப் பரப்பு சிமெண்ட் தளம் மாதிரி வெள்ளையாகத் தெரியும். அதில் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆசை வரும். மேலே உப்பு பூத்த தோல் ஒரு விரல் கனம், கீழே முழங்கால் சேறு. அதைவிட முக்கியம், அது பூநாரை இறங்குகிற இடம். 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியில் பூநாரை சரணாலயம் அறிவித்திருக்கிறது, 500 ஹெக்டேருக்கு மேல். ரோட்டை விட்டு அந்தப் பக்கம் சக்கரத்தை இறக்காதீர்கள், ஒரு சைக்கிள் போனாலே கூட்டமாகக் கிளம்பிவிடும், இரை தேடுகிற நேரம் வீணாகும்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். தனுஷ்கோடியில் மீன் பொரிக்கிற கடைகள் இருக்கின்றன, பாட்டில் கிடைக்கும், ஆனால் அதிகாலையில் எல்லாம் திறந்திருக்காது. அங்கே குடியிருக்கிற மக்கள் மணலைக் கையால் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுக்கிறார்கள், இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு நடுவில் நல்ல தண்ணீர். அது அவர்கள் குடிப்பதற்கு, சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைய நேரமாகும். நாம் கொண்டுபோவதே முறை.

உச்சிப்புளி:

டயர் அகலத்தை விட முள்தான் பிரச்சினை. சீமைக்கருவேல முள் ஒரு இஞ்சுக்கு மேல் நீளம், 35 டயர் என்ன, டிராக்டர் டயரையே குத்துகிறது. மண் தடத்தில் போவதாக இருந்தால் இரண்டு டியூப், ஒரு பம்பு, முள்ளைப் பிடுங்க சின்னக் குறடு எடுத்துக்கொள்ளுங்கள். முள் வெளியே முறிந்து உள்ளே முனை நின்றுவிடும், அதைப் பார்க்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போகும். டயரின் உள்பக்கம் துணியை வைத்துத் தடவினால் துணி மாட்டும் இடத்தில் முள் இருக்கும், விரலால் தடவாதீர்கள்.

கீழக்கரை டு டுனெடின்:

இந்தத் திரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு ஊர் கீழக்கரை, வேலைக்காக நியூசிலாந்தில் டுனெடினில் இருக்கிறேன். தம்பி பார்த்த வீடியோ அநேகமாக எங்கள் பக்கத்து ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் டிரெயிலாக இருக்கலாம், அல்லது அதைப் போல இன்னொன்று. நான் போன மார்ச்சில் அதை நான்கு நாளில் ஓட்டினேன். கிளைடில் ஆரம்பித்து மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டர்.

ரயில் தடம் சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு சுகமாக இருக்கிறது என்று முதல் நாளே புரிந்தது. ரயில் இன்ஜினுக்கு ஏற்றம் ஆகாது, இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் வழுக்கும். அதனால் அந்தக் காலத்தில் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பித் தடம் போட்டார்கள். இந்தத் தடத்தில் மிகச் செங்குத்தான இடமே ஐம்பது அடிக்கு ஒரு அடிதான் ஏறும். தரையைப் பார்த்தால் சமமாகத்தான் தெரியும், கால்தான் ஏதோ கனக்கிறது என்று சொல்லும். நமக்குப் பாம்பன் ரோட்டுப் பாலத்தை விட்டால் ஏற்றம் ஏது? பாலத்தில் மூச்சைப் பிடித்து மிதித்தால் ஏறிவிடலாம், அப்புறம் இறக்கம். இங்கே அந்த மாதிரி முடியாது, லேசான ஏற்றம் பல கிலோமீட்டர் தொடரும், அதிக பட்சம் 618 மீட்டர் உயரம் வரை போகிறது. அவசரப்படாமல் சின்ன கியரில் ஒரே தாளத்தில் மிதிக்கக் கற்றுக்கொண்டால் அம்பது வயதுக்காரரும் ஓட்டுகிறார், எட்டு வயதுப் பிள்ளையும் ஓட்டுகிறது. உங்கள் மச்சானும் ஓட்டுவார்.

தரையைப் பற்றி. நம்மூரில் கிராவல் ரோடு என்றால் செம்மண் கலந்த சரளை கொட்டிச் சமப்படுத்தியது, மழை பெய்தால் குழம்பு. இங்கே கல்லை உடைத்த பொடியும் சின்னச் சில்லும் கலந்து இறுக்கியிருக்கிறார்கள், தண்ணீர் இறங்கிவிடும். தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற முட்டை அளவு ஜல்லி அப்படியே கிடந்தால் யாராலும் ஓட்ட முடியாது, கல் ஒன்றின் மேல் ஒன்று உருளும். தண்டவாளம் எடுத்த பிறகு அந்த ஜல்லிக்கு ஏதாவது செய்தால்தான் அது பாதை. நான் முதல் நாள் தார் ரோட்டுப் பழக்கத்தில் டயரைக் கல் மாதிரி அடித்துக்கொண்டு போனேன், மதியத்துக்குள் உள்ளங்கை மரத்துப் போய்விட்டது, பிரேக் பிடிக்கிற விரல் இரண்டில் உணர்ச்சியே இல்லை. அன்று ராத்திரி தங்கிய இடத்தில் ஒரு வயதானவர் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, கால்வாசிக் காற்றை வெளியே விட்டார். மறுநாள் வேறு சைக்கிள் மாதிரி இருந்தது. என் எடை 70 கிலோ, டயர் 40 மில்லிமீட்டர், 38 பிஎஸ்ஐ வைத்தேன். உங்கள் 35க்கு இன்னும் கொஞ்சம் கூட வைக்கலாம். சரளை உருளும் இடத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், முன் சக்கரம் தானாக வழி தேடும், நாம் இடுப்பைப் பின்னால் வைத்து மிதித்துக்கொண்டே இருந்தால் போதும்.

பூல்பர்ன் பள்ளத்தாக்கில் இரண்டு சுரங்கம் வரும், உள்ளே விளக்கு கிடையாது. டார்ச் அடித்துக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். சுவரில் கையை வைத்தால் பாறை ஈரம், நூறு வருடத்துக்கு முன்னால் மனிதன் வெட்டியது. அதை ஒட்டிய உயரமான பாலத்தில் பலகை பதித்துக் கைப்பிடி போட்டிருக்கிறார்கள். ரயில் போன காலத்தில் அந்தப் பாலத்தில் யார் நின்று கீழே பார்த்திருப்பார்கள்?

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல. இந்த லைன் 1990இல் மூடப்பட்டது. 1993இல் வனப் பாதுகாப்புத் துறை தடத்தை எடுத்துக்கொண்டது, 2000இல்தான் முழுதாகத் திறந்தது. இடையில் உள்ளூர்க்காரர்கள் டிரஸ்ட் வைத்துப் பணம் திரட்டினார்கள், பாலத்துக்குப் பாலம் பலகை போட்டார்கள். ரயில் நின்றதும் ஆள் குறைந்த ஊர்கள் அவை. இப்போது பழைய ஹோட்டலும் பண்ணை வீடும் சைக்கிள்காரர்களுக்குச் சாப்பாடு போடுகின்றன, படுக்கை கொடுக்கின்றன. அங்கே கணக்குப் பார்த்து ரயிலை நிறுத்தினார்கள், தடம் தரையில் மிச்சமிருந்தது, எடுத்து வைத்துப் பாதுகாத்தார்கள். நம் தடத்தைக் கடல் ஒரே ராத்திரியில் கொண்டுபோனது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வாப்பா சின்ன வயதில் தனுஷ்கோடிக்கு ரயிலில் போனதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், பூல்பர்ன் பாலத்தில் நின்றபோது எனக்கு அவர்கள் ஞாபகம்தான்.

பாம்பன் பேரன்:

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னதுதான் என் மனதிலும் இருக்கிறது.

என் தாத்தா பாம்பனில் கேங்மேன். அவர் சொன்னதில் பாதி மணலைப் பற்றித்தான் இருக்கும். கச்சான் அடித்தால் தண்டவாளம் மணலுக்குள் போய்விடும், ரயில் வருவதற்குள் மம்பட்டியும் கூடையுமாக அள்ளித் தள்ள வேண்டும், அள்ளி முடித்துத் திரும்பிப் பார்த்தால் ஆரம்பித்த இடத்தில் மறுபடி ஏறியிருக்கும். ஆளும் மம்பட்டியும் தினம் போனதால்தான் அந்த லைன் லைனாக இருந்தது. 1914இல் பாலம் திறந்ததிலிருந்து ஐம்பது வருடம் அப்படி ஓடியது. அவர்கள் அள்ளுவதை நிறுத்தி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தடம் எங்கே என்று கேட்டால் இதுதான் பதில்.

1964 டிசம்பர் 22 ராத்திரி போன பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சர் திரும்பவில்லை. 653ஆம் நம்பர் வண்டி. தனுஷ்கோடியைத் தொடும் நேரத்தில் அலை எடுத்துக்கொண்டு போனது, உள்ளே இருந்தவர்கள் நூறு பேருக்கு மேல். தாத்தாவுக்கு அன்று ராத்திரி டூட்டி இல்லை. அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் அந்த வண்டியில் போயிருந்தார். தாத்தா அவர் பெயரைச் சொல்ல மாட்டார், "அந்தப் பய" என்பார், அதற்கு மேல் பேச்சு ஓடாது. வீட்டில் ஒரு பிஷ்பிளேட் இருக்கிறது, இரண்டு தண்டவாளத்தை இணைக்கிற இரும்புப் பட்டை, நான்கு ஓட்டை, உப்பில் அரித்து ஓரமெல்லாம் ஏடு ஏடாக உரியும். தாத்தா எப்போது அதைக் கொண்டுவந்தார் என்று பாட்டிக்கும் தெரியாது. பொங்கலுக்கு வீடு கழுவும்போது அதையும் துடைத்து எண்ணெய் தடவி வைப்போம்.

தம்பி, தாராளமாகப் போங்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட் மெயில் போன வழியை ஒருவர் தேடிப் போகிறார் என்பதே எனக்கு நிறைவு. ஸ்டேஷன் சுவர் வந்ததும் சைக்கிளை ரோட்டு ஓரத்தில் நிறுத்திவிட்டு அந்தக் கொஞ்ச தூரத்தை நடந்து போங்கள். ஏறி நின்று போட்டோ எடுக்கிற இடமாக அது ஆகிவிட்டது, அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பழைய பாம்பன் பாலத்தில் ஓட்டலாமே என்று யாராவது கேட்பார்கள், அதற்கும் சேர்த்துச் சொல்கிறேன். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது, 2025 ஏப்ரல் 6இல் புதுப் பாலம் திறந்தார்கள். பழையது ரயில்வே இடம், ஏற அனுமதி கிடையாது. சைக்கிள் ஓட்டத் தளம் எதுவும் கிடையாது, கீழே கடல்தான். ரோட்டுப் பாலத்திலும் காற்று நாளில் கவனம். ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே விடமாட்டார்கள். ஒரு ரயிலை நிறுத்துகிற காற்றில் பத்து கிலோ சைக்கிள் எம்மாத்திரம்.

திருப்புல்லாணி டீச்சர்:

மண் தடம் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். நம் மாவட்டத்துக்கு ரயில் டிரெயில் வேண்டாம், கண்மாய்க்கரை போதும். ரயில் கரையைப் போலவே மண்ணை வெட்டிப் போட்டு உயர்த்திய கரை, ஏற்றம் இறக்கம் இல்லை, கார் வராது, இரண்டு பக்கமும் பார்வை விரிந்து போகும். நானும் மகளும் சனி ஞாயிறு காலையில் போகிறோம். நான் ஒரு கியர் இல்லாத லேடிஸ் சைக்கிள், அவள் ப்ளஸ் ஒன்னில் பள்ளியில் கொடுத்த சைக்கிள். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி பத்து கிலோமீட்டர், மெயின் ரோட்டை விட்டு ஊர்களுக்குள் நுழைந்து வந்தால் பாதிக்கு மேல் மண் பாதை கிடைக்கும். திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை கடல் வரைக்கும் ரோடு இருந்தாலும் வண்டி குறைவு, பனங்காட்டுக்குள் கிளை பிரிகிற தடங்கள் நிறைய. சித்திரை, வைகாசியில் வந்தால் பனை ஏறுகிறவர்களிடம் பதநீர் வாங்கிக் குடிக்கலாம், விடிந்து ஏழு மணிக்குள் குடித்துவிட வேண்டும், நேரமானால் புளித்துவிடும். பட்டையை மடித்து அதில் ஊற்றுவார்கள், பனை ஓலை வாசனையோடு. அதற்காகவே மகள் என்னோடு வருகிறாளோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

சில விஷயம் கவனிக்க வேண்டும். மழை பெய்து மூன்று நாளைக்குக் கரையில் ஏறாதீர்கள், களிமண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் நெருக்கி, சக்கரம் சுற்றவே சுற்றாது. குச்சியை வைத்து நோண்டி எடுத்து அம்பது அடி போனால் மறுபடி அடைக்கும், நாங்கள் ஒரு ஐப்பசியில் இரண்டு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தோம். கார்த்திகையிலிருந்து பங்குனி வரை சக்கரக்கோட்டை மாதிரி பறவை இறங்குகிற கண்மாய்களில் கரை மேல் போகாமல் வெளியே இருக்கிற பாதையில் போங்கள், கூடு கட்டுகிற நேரம். ஆட்டுக்கிடை எதிரே வந்தால் இறங்கி ஓரமாக நின்றுவிடுங்கள், மணி அடித்தால் ஆடு சிதறிக் கரையிலிருந்து உருளும், மேய்க்கிறவருக்கு அன்றைய பொழுது போச்சு. கிடை நாய் கிட்டே வந்தால் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தால் போதும், விட்டுவிடும்.

மண்டபம்வாசி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை. போன இரண்டு ஞாயிறும் போய்வந்தேன், எழுதி வைக்கிறேன், அடுத்து கேட்பவர்களுக்கு உதவும்.

முதல் ஞாயிறு தனுஷ்கோடி. மச்சானும் நானும் ராமேஸ்வரம் வரை சைக்கிளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் அங்கிருந்து மிதித்தோம், ஆறு மணிக்குச் சத்திரம் தாண்டிவிட்டோம். வண்டி நாலைந்துதான் கடந்தது. காற்று இடது தோளில், பெரிதாக இல்லை. ரோட்டில் மணல் ஒரே ஒரு இடத்தில் ஏறிக் கிடந்தது, தங்கச்சிமடத்து அண்ணன் சொன்னது போல இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். பூநாரை தூரத்தில் ஒரு ரோஜா நிறக் கோடு மாதிரி நின்றது, ரோட்டிலேயே நின்று பார்த்தோம்.

ஸ்டேஷன் சுவர் வந்ததும் பாம்பன் அண்ணன் சொன்ன மாதிரி சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்தோம். பத்து தடவையாவது அந்த வழியாகப் போயிருப்பேன், எப்போதும் வேகமாகக் கடந்திருக்கிறேன். இந்தத் தடவை அந்தக் கல்லின் ரேகையைப் பார்த்தேன். மச்சான் எதுவும் பேசவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவர் அப்பா வழியில் ஒரு பெரியம்மாவை அந்தப் புயலில் இழந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் யாரும் சொன்னதில்லை. அதற்கப்புறம் அரிச்சல்முனை வரை போகவில்லை, அங்கிருந்தே திரும்பிவிட்டோம்.

இரண்டாவது ஞாயிறு திருப்புல்லாணி பக்கம். டயரில் காற்றைக் குறைத்து 45 பிஎஸ்ஐ வைத்தேன், கீழக்கரை காக்கா சொன்னது அப்படியே உண்மை, மண்ணில் சைக்கிள் மிதக்கிறது. கண்மாய்க்கரையில் ஏறி ஒரு மூன்று கிலோமீட்டர் தொடர்ச்சியாக ஓட்டினோம். சரளை டயருக்கு அடியில் நொறுங்குகிற சத்தமும் எங்கேயோ ஒரு மயிலும் தவிர வேறு சத்தம் இல்லை. வீடியோவில் நான் பார்த்தது இதைத்தான். இரண்டு பஞ்சர், இரண்டும் மச்சானுக்கு. முதலாவதில் முள் முனையைப் பார்க்காமல் டியூப் மாற்றியதால்தான் இரண்டாவது வந்தது, உச்சிப்புளி நண்பர் எழுதியதை அதன் பிறகு போனில் எடுத்துப் படித்துத் துணியை வைத்துத் தேடினோம், மூன்று இடத்தில் துணி மாட்டியது.

வீட்டுக்கு வந்து செயினைக் கழுவாமல் விட்டேன், மறுநாள் காலையில் ஆரஞ்சு நிறத்தில் துரு. தனுஷ்கோடி போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டுவிட வேண்டும், இதை யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

டீச்சர் அக்கா, சேதுக்கரைக்குப் போகிற பனங்காட்டுத் தடம் எங்கே பிரிகிறது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை, ஒரு ஊருணி வரை போய்ப் பாதை முடிந்துவிட்டது. வருகிற ஞாயிறு மறுபடி வருகிறோம், மச்சான், நான், அவர் பையன். ஐந்தே முக்காலுக்குத் திருப்புல்லாணி கோயில் தெப்பக்குளத்துப் பக்கம் நிற்போம். நீங்களும் பாப்பாவும் வந்தால் வழி காட்டுங்கள், பம்பும் குறடும் நாலு டியூபும் எங்களிடம் இருக்கிறது.

திருப்புல்லாணி டீச்சர்:

ஊருணிக்கு முந்தின வளைவில் இடது பக்கம், ஒற்றைப் பனை நிற்கும் இடம். எழுதினால் புரியாது. ஐந்தரைக்கே வந்துவிடுங்கள், அப்போதுதான் பதநீர் கிடைக்கும்.